லிஃப்டில் ஏறு, தம்பி

ஹோல்டன் கிராசிங்,
சஸ்காட்செவன்.
பிப்ரவரி 14, 2021

என் ஒரே தம்பி ரோமனுக்கு,

அக்கா ஒக்சானா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். பதிலுக்கு நீயும் "நலம்" என்று எழுதிவிடாதே. அதைப் பற்றிப் பேசத்தான் இந்தக் கடிதம்.

கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் உன்னோடு பேச முடிகிறதா? நான் வாயைத் திறப்பதற்குள் "நல்லா இருக்கேன்க்கா, அப்பா எப்படி, நாய் எப்படி" என்று நீயே கேள்வி கேட்டு நீயே பதில் சொல்லி வைத்துவிடுகிறாய். காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதனால் முழுசாகப் படி.

முதலில் ஊர்ச் செய்தி. கொரோனாவால் நம் ஐஸ் அரங்கத்தைப் பூட்டிவிட்டார்கள் என்று உனக்குத் தெரியும். போன வாரம் ஊர் மன்றத்திலிருந்து ஆள் வந்து, "யாரும் ஆடறதில்ல, கரண்ட் வீணாப் போகுது, குளிர் இயந்திரத்தை நிறுத்திடு, ஐஸ் உருகினா உருகட்டும்" என்றார்கள். நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அவர்கள் கண் முன்னாலேயே நிறுத்தினேன். அவர்கள் போனதும் அரங்கத்தின் பெரிய கதவுகள் இரண்டையும் அகலத் திறந்து வைத்தேன். வெளியே மைனஸ் முப்பத்தைந்து. ஐஸ் முன்பைவிடக் கெட்டியாகக் கிடக்கிறது. தினமும் காலையில் ஐஸ் வண்டியை எடுத்து ஒரு சுற்று இழைத்துவிட்டு வருகிறேன். மன்றத்துக்காரர் பார்த்துவிட்டு, "உன்னைத்தான் நிறுத்தச் சொன்னோமே" என்றார். "இயந்திரத்தை நிறுத்திட்டேன். குளிர்காலத்தை நிறுத்தணும்னா நீங்கதான் தீர்மானம் போடணும்" என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டார்.

அப்பாவுக்கு வழக்கமான முழங்கால் வலிதான். காபி குடிக்க நாலு பேரோடு உட்கார முடியவில்லை என்று கோபம். இப்போது எல்லோரும் கூட்டுறவுக் கடை வாசலில் அவரவர் வண்டிக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கிவிட்டுக் கத்திப் பேசிக்கொள்கிறார்கள். உன் ஐஸ் ஹாக்கி ஆட்டம் ஒவ்வொன்றையும் கணினியில் பார்க்கிறார். நானும் பார்க்கிறேன்.

பார்ப்பதால்தான் எழுதுகிறேன். உங்கள் அரங்கத்தில் ஆளே இல்லை. நாற்காலியில் அட்டை மனிதர்களை நிறுத்திவைத்து, எங்கோ பதிவு செய்த கைதட்டலைப் போடுகிறார்கள். அந்தச் சத்தத்தில் மற்றவர்கள் ஏமாறலாம். உன்னை ஸ்கேட் கட்டிவிட்டு ஐஸில் இறக்கியவள் நான். ஐம்பது நொடி ஆடிவிட்டு மாற்று ஆளை இறக்கிவிட்டு பெஞ்சுக்கு வருகிறவன் இப்போது முப்பதிலேயே வருகிறாய். எதிரணிக்காரன் உன் பக்கமாகப் புகுந்தால் முன்பெல்லாம் திரும்பித் துரத்துவாய். இப்போது கையில் இருக்கும் மட்டையை மட்டும் நீட்டுகிறாய். கடைசிப் பகுதியில் பெஞ்சில் உட்காராமல் தடுப்புப் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். வர்ணனை சொல்கிறவன் அதைப் பார்த்து, "ரோமன் கோவல்சுக்குக்கு உட்காரவே பொறுமையில்லை" என்கிறான். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

அடுத்தது படிக்கட்டு. வெற்றி தொடரும்வரை அணியில் ஒருத்தனும் லிஃப்டில் ஏறக்கூடாது என்பது உங்கள் சாஸ்திரம். பதினாறு வயதிலிருந்து எந்த ஊர் ஓட்டலில் இருந்தாலும், ஜெயித்துவிட்டுப் படி ஏறும்போதுதான் எனக்குப் போன் போடுவாய். எத்தனை மாடி என்றாலும் வாய் ஓயாது. நடுவரைத் திட்டுவாய், பாட்டுப் பாடுவாய், பெரோகிக் கொழுக்கட்டை தீர்ந்துவிட்டது அனுப்பு என்பாய். இந்த வருஷம் அணி முழுக்க ஓட்டலிலேயே அடைபட்டுக் கிடக்கிறீர்கள், உன் அறை ஐந்தாவது மாடியில். இரண்டாவது மாடி வந்ததும், "அக்கா, நீ பேசு, நான் கேக்கறேன்" என்கிறாய். எப்போதிலிருந்து நீ கேட்க ஆரம்பித்தாய்? போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொள்கிறாய், ஆனாலும் கேட்கிறது. மூன்றாவது மாடியில் நின்றுவிடுகிறாய். நான் வேண்டுமென்றே உளறிக்கொண்டிருக்கிறேன், நீ மூச்சு வாங்கி முடிக்கட்டும் என்று.

ஜனவரியில் உனக்குக் கொரோனா வந்தது. "மூக்கு கூட ஒழுகலக்கா, பத்து நாள் தூங்கி எழுந்தேன்" என்றாய். டாக்டரிடமும் அதையேதான் சொல்லியிருப்பாய். ஒன்றும் இல்லை என்று சொன்னவனை ஐஸுக்கு அனுப்பினார்கள். நெஞ்சு வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது என்று சொன்னவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி இதயத்தைப் படம் எடுத்தார்கள். நீ எந்தப் பக்கம் நின்றிருக்க வேண்டும் என்று உனக்கே தெரியும்.

பெரிய லீக்கிலிருந்து ஆள் வந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கும் தெரியும். ஒன்பது வருஷமாகச் சின்ன லீக்கில் பஸ்ஸிலேயே தூங்கி, பல்லை உடைத்துக்கொண்டு காத்திருக்கிறாய். ஒரே ஒரு ஆட்டமாவது மேலே ஆடிவிட வேண்டும் என்று நீ நினைப்பதை நான் தப்பு சொல்லமாட்டேன். நானும்தான் நினைக்கிறேன். ஆனால் நீ உயிரோடு போய் ஆட வேண்டும்.

அமெரிக்க எல்லை மூடிக் கிடக்கிறது. இல்லையென்றால் இந்நேரம் காரை எடுத்துக்கொண்டு மினசோட்டாவுக்கே வந்து, உன் காதைப் பிடித்து டாக்டர் முன்னால் நிறுத்தியிருப்பேன். அதனால் நீயே போ. இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் போ. நெஞ்சில் என்ன செய்கிறது என்று உள்ளது உள்ளபடி சொல்லு. சொல்லாமல் இருந்தால் நான் சும்மா இருப்பேன் என்று நினைக்காதே. குளிர்காலத்தையே வேலைக்கு வைத்துக்கொண்டவள் நான்.

உன் நெஞ்சு நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்ளும்
அக்கா ஒக்சானா

பி.கு: இதோடு அனுப்பும் சாக்லேட்டின் நடுவே இருப்பது அப்பா பின்னச் சொல்லி நான் பின்னிய காலுறை. நான் பின்னியதால் ஒன்று பெரிதாக இருக்கும்.

*

மினசோட்டா
பிப்ரவரி 25

அன்பும் அதிகாரமும் நிறைந்த அக்காவுக்கு,

ரோமன். கடிதம் வந்தது. சாக்லேட்டை என் அறையில் தங்கும் லுக் தின்றுவிட்டான். காலுறையில் பெரியது இடது காலுக்குச் சரியாக இருக்கிறது.

நீ எழுதியதைப் படித்தால் நான் சாகக் கிடக்கிறேன் என்று தோன்றும். அக்கா, இந்த வருஷம் யார்தான் முழுசாக இருக்கிறார்கள்? எட்டு மாசம் ஐஸையே பார்க்காமல் வீட்டுக் கொல்லையில் டயர் இழுத்துப் பயிற்சி செய்தோம். திடீரென்று கூப்பிட்டு, வாரத்துக்கு நாலு ஆட்டம் என்றார்கள். பாதிப் பேருக்குத் தொடையிடுக்கில் சதை கிழிந்திருக்கிறது. புதுப் பையன் ஒருத்தனுக்கு இன்னும் வாசனை தெரியவில்லை, கெட்டுப்போன பாலைக் குடித்துவிட்டு ஒரு நாள் கிடந்தான். எங்கள் கேப்டன் கொரோனா வந்து போனபிறகு தன் சட்டை எண்ணையே மறந்துவிட்டு லாக்கர் முன்னால் நின்றார். எல்லோரும் ஆடுகிறோம். எனக்கு மட்டும் மூச்சு வாங்கினால் அது செய்தியா?

எனக்கு இருபத்தொன்பது வயது. கோச் நேற்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மேலேருந்து கேட்டாங்க. தொடர்ந்து இப்படியே ஆடு, இந்த மாசமே போன் வரும்" என்றார். இப்படியே ஆடு என்றுதான் சொன்னார். டாக்டரிடம் போய் நெஞ்சைத் தொட்டுக் காட்டினால் அன்றைக்கே உட்கார வைப்பார்கள். மூன்று மாசம், ஆறு மாசம். அடுத்த வருஷம் என் இடத்தில் இருபது வயதுப் பையன் நிற்பான். யாரும் எனக்காக நாற்காலியைப் போட்டு வைக்கமாட்டார்கள்.

அப்பா மாகாண இறுதி ஆட்டத்தில் கால் எலும்பு முறிந்தும் கடைசிப் பகுதி முழுக்க ஆடினாரே, அந்தப் போட்டோவைத் தினமும் பார்த்துத்தானே நாம் வளர்ந்தோம்? அதைத் துடைக்கிறவளே நீதான். நான் அவர் பையன்.

எட்டு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்திருக்கிறோம். படிக்கட்டில்தான் ஏறுவேன். எல்லோரும் ஏறும்போது நான் மட்டும் லிஃப்டில் நின்றால், அடுத்த ஆட்டம் தோற்றால், அது என் தலையில்தான் விழும். உனக்கே தெரியும்.

டிரெய்னருக்கோ டாக்டருக்கோ போன் போடாதே. சத்தியம் பண்ணு. போட்டாய் என்று தெரிந்தால் உன்னோடு பேசமாட்டேன். சொல்லிவிட்டேன்.

லுக் உன்னை விசாரித்தான். நல்ல பையன். கியூபெக்காரன், எங்கள் கோல்கீப்பர், இப்போது எங்கள் வெற்றி முழுக்க அவன் தோளில்தான். ஆட்ட நாளில் அவன் பக்கமே யாரும் போகமாட்டோம். அறையில் நான் ஒரு ஓரமாக மூச்சுவிடாமல் இருப்பேன். காபியைக்கூட மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். பேச்சுக் கொடுத்தால் அன்றைக்கு ஓட்டைப் பானைதான்.

அப்பாவுக்கு என் முத்தம். நாய்க்கும்.

உன் தம்பி, நன்றாகவே இருக்கும்
ரோமன்

*

ஹோல்டன் கிராசிங்
மார்ச் 8

என்னோடு பேசமாட்டேன் என்று சொல்லியிருக்கும் தம்பிக்கு,

பேச வேண்டாம். படி.

நான் சத்தியம் பண்ணவில்லை என்பதை முதலில் நினைவில் வை. பண்ணாவிட்டாலும் உன் பேச்சைக் காப்பாற்றினேன். டிரெய்னருக்குப் போன் போடவில்லை. டாக்டருக்கும் போடவில்லை. லுக்குக்குப் போட்டேன்.

ஆட்ட நாள் என்று தெரிந்துதான் போட்டேன். மற்ற நாளில் போட்டிருந்தால் "எல்லாம் நல்லா இருக்குக்கா" என்று உன் மாதிரியே பாடியிருப்பான். ஆட்ட நாளில் ஒரு கோல்கீப்பருக்கு யாராவது போன் போட்டால் அது சும்மா இருக்காது என்று அவனுக்கே தெரியும். அதனால்தான் மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து எடுத்திருக்கிறான். எடுத்ததும், "யாராவது செத்துட்டாங்களா?" என்றான். "இன்னும் இல்ல. அதுக்குத்தான் கூப்பிட்டேன்" என்றேன்.

அவன் பாவம். "அக்கா, இன்னைக்கு ஆட்டம். தயவு செஞ்சு வைச்சிடுங்க" என்று கெஞ்சினான். பிறகு, "கூட இருக்கறவனைக் காட்டிக்கொடுக்கச் சொல்றீங்களா? அதை நாங்க பண்ணமாட்டோம்" என்றான். சரியாகத்தான் சொன்னான். நானும் அந்த உடைமாற்று அறையில் வளர்ந்தவள்தானே. அதனால், "நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் கேக்கறேன். இல்லைன்னா இல்லைன்னு சொல்லு. ஆமான்னா பேசாம இரு" என்றேன்.

ரோமன் கட்டிலில் படுக்காமல் நாற்காலியில் உட்கார்ந்துதான் தூங்குகிறானா என்று கேட்டேன். பதில் இல்லை. ஆட்டம் முடிந்து வெகுநேரம் ஆன பிறகும் நெஞ்சு அடித்துக்கொள்கிறதா என்றேன். பதில் இல்லை. ஒரு தடவையாவது கண் இருட்டி விழுந்தானா என்றேன். லுக் மூச்சுவிடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்த மூன்றாவது மௌனத்தில் நான் ஐஸ் வண்டியின் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ விழுந்ததை என்னிடம் சொல்லவில்லை, ரோமன். குளியலறையிலா, ஐஸிலா, எங்கே என்று கூட எனக்குத் தெரியாது.

கடைசியில் அவன் ஒன்றே ஒன்று சொன்னான். "நான் எதுவும் சொல்லலக்கா." "இல்லப்பா, நீ ஒரு வார்த்தையும் சொல்லல" என்றேன். அவன் மேல் நீ கோபப்பட்டால் உன் கன்னத்தில் அறைவேன். உங்கள் சட்டத்தை அவன் மீறவில்லை. மீறியவள் நான்.

அன்று ஆறு கோல் வாங்கினான். கடைசி கோல் மைதானத்தின் பாதியிலிருந்து உருண்டு வந்து அவன் காலுக்கு நடுவே போனது. அப்பா கணினியை மூடிவிட்டு, "இன்னைக்கு அந்தப் பையனுக்கு என்ன ஆச்சு?" என்றார். நான் நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

பிறகு நீ போன் போட்டாயே, உனக்கு நினைவிருக்கும். லுக் உன்னிடம் சொல்லிவிட்டிருக்கிறான். "உனக்கு அறிவிருக்கா? கோல்கீப்பர்கிட்ட, ஆட்ட நாள்ல. எல்லாம் போச்சு. அணியே உன்னால நாசம். இனிமே என் வாழ்க்கைல தலையிடாத" என்று கத்தினாய். உன்னைத் தூக்கி வளர்த்தவளைப் பார்த்து அணிக்கு ஆகாதவள் என்றாய். நான் திருப்பிக் கத்தவில்லை, கவனித்தாயா? கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரே மூச்சில் கத்தினாய். நடுவில் நிற்கவில்லை, போனைத் தள்ளிப் பிடிக்கவில்லை, "நீ பேசு" என்று சொல்லவில்லை. ஏனென்றால் நீ லிஃப்டில் இருந்தாய். வெற்றி உடைந்ததும் எல்லோரும் லிஃப்டில் ஏறிவிட்டீர்கள். நீ என்னைத் திட்டியதில் பாதி எனக்குக் காதில் விழவே இல்லை. என் தம்பியின் முழுக் குரலைக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்காக இன்னும் எட்டு ஆட்டம் தோற்றாலும் எனக்குச் சம்மதம்.

உன் கடிதத்தை அப்பாவிடம் காட்டினேன். நீ திட்டுவாய் என்று தெரியும். அப்பா தன் போட்டோவைப் பற்றி நீ எழுதியிருந்த இடத்தை இரண்டு தடவை படித்தார். எழுந்து போய் ஜன்னலருகே நின்றார். "அவன்கிட்ட சொல்லு. எனக்கு உடைஞ்சது காலு. கால் இல்லாட்டியும் வீட்டுக்கு வந்திருப்பேன்" என்றார். அவ்வளவுதான். அப்பா அந்த இறுதி ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கதை நீளும், உனக்கே தெரியும். இந்தத் தடவை ஒரே வரியோடு முடித்துக்கொண்டார்.

ஆகையால் இப்போது கேள். நீ என்ன சாக்கு வைத்திருந்தாயோ அது போய்விட்டது. ஜெயிக்கிற அணியைக் கலைக்கக் கூடாது என்றாய், அணி தோற்றாகிவிட்டது. எல்லோர் முன்னாலும் லிஃப்டில் ஏற முடியாது என்றாய், ஏறிவிட்டாய். இனி அதே லிஃப்டில் கீழே இறங்கி டாக்டர் அறைக்குப் போ. நீயே வாயைத் திறந்து சொல்லு. இன்னொருத்தன் சொல்லி உன்னை உட்கார வைத்தார்கள் என்று இருக்கக் கூடாது. ரோமன் கோவல்சுக் தானே நடந்து போய்ச் சொன்னான் என்று இருக்க வேண்டும்.

பயப்படுகிறவன்தான் டாக்டரிடம் போவான் என்று உங்கள் அறையில் ஒரு நினைப்பு இருக்கிறது. பல்லைத் துப்பிவிட்டு ஆடுவதற்கு எந்தத் தைரியமும் வேண்டாம், சுற்றியிருக்கிறவன் எல்லாம் அதைத்தான் செய்கிறான். போன் வரப்போகிற வாரத்தில் தன் வாயால் "எனக்கு முடியல" என்று சொல்வதற்குத்தான் நெஞ்சில் துணிவு வேண்டும். உனக்கு அது உண்டு என்று நான் இந்த ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். என்னைப் பொய்க்காரி ஆக்காதே.

போகாவிட்டால் அடுத்த ஆட்ட நாளிலும் லுக்குக்குப் போன் போடுவேன். அதற்கடுத்த ஆட்ட நாளிலும் போடுவேன். சீசன் முழுக்கப் போடுவேன். நீங்கள் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் பார்த்துக்கொள்ள என்னால் முடியும்.

உன் திட்டெல்லாம் வாங்கிக்கொண்டும் உன் பக்கத்திலேயே நிற்கும்
அக்கா

*

ஹோல்டன் கிராசிங்
மார்ச் 24

என் தங்கத் தம்பி ரோமனுக்கு,

போன வாரம் நீ ஆஸ்பத்திரியிலிருந்து பேசியபோது எனக்குச் சரியாகப் பேச வரவில்லை. அழுதேன் என்று லுக்கிடம் சொல்லிவிடாதே. இப்போது எழுதுகிறேன்.

இதயத் தசை வீங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னதை அப்பாவிடம் அப்படியே சொன்னேன். இன்னும் ஓரிரு வாரம் ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அதை நானே இன்னும் முழுசாக நினைத்துப் பார்க்கவில்லை. ஆறு மாசம் ஓடக்கூடாது, எடை தூக்கக்கூடாது, ஸ்கேட் கட்டக்கூடாது. அதற்குப் பிறகு மறுபடி படம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எதையும் சொல்ல முடியும் என்றாராம். சரி. ஆறு மாசம் கழித்துப் பார்ப்போம்.

நீ டாக்டரிடம் போன மூன்றாம் நாளே மேலிருந்து போன் வந்தது என்றும், உன் இடத்துக்கு அந்த வாசனை தெரியாத பையன் போனான் என்றும் சொன்னாய். நீயே அவனுக்குப் பையைக் கட்டிக்கொடுத்து, உன் ராசி டேப்பையும் கொடுத்தனுப்பினாயாம். சொல்லும்போது சிரித்தாய். சிரிக்க வேண்டாம்டா. என்னிடம் எதற்கு அந்தச் சிரிப்பு? எனக்கு வயிறு எரிகிறது. ஒன்பது வருஷம் காத்திருந்தவனுக்கு வந்த போனை ஒரு கண்ணுக்குத் தெரியாத கிருமி எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதன் மேல் எனக்கு இருக்கிற கோபத்துக்கு அளவே இல்லை. நீயும் கோபப்படு. நாற்காலியை உதை, அதற்கு மூச்சு வாங்காது என்றால்.

உங்கள் அணி அறிக்கையில் "மேல் உடம்பில் காயம்" என்று போட்டிருந்தார்கள். எல்லாக் காயத்தையும் இப்படித்தான் மூடுவீர்கள் என்பது ஊருக்கே தெரியும். கூட்டுறவுக் கடை வாசலில் அப்பாவின் காபிக் கூட்டாளி கார்டன் வண்டிக் கண்ணாடியை இறக்கி அப்பாவிடம், "என்ன பெட்ரோ, ஒரு காய்ச்சலுக்கே பையன் படுத்துட்டானாமே. உன் ரத்தம் இல்லையோ?" என்று கேட்டார். நான் பக்கத்து வண்டியில் இருந்தேன். கதவைத் திறந்துகொண்டு இறங்கப் போனேன். அதற்குள் அப்பா, "உன் நெஞ்சு வீங்கிட்டு, உன்னை மேலே கூப்பிடறாங்கன்னு வை. நீ முடியாதுன்னு சொல்லுவியா, கார்டன்? அவன் சொன்னான்" என்றார். கார்டன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அன்றிலிருந்து கடை வாசலில் உன் பெயரை மரியாதையாகத்தான் சொல்கிறார்கள். இல்லாவிட்டால் நான் இருக்கிறேன்.

இங்கே வெயில் வந்துவிட்டது. கதவைத் திறந்து வைத்தாலும் இனி ஐஸ் நிற்காது. நேற்று ஓரங்களில் தண்ணீர் கட்டியது, நானும் விட்டுவிட்டேன். மன்றத்துக்காரர் வந்து, "ஒருவழியா தோத்துட்டியா?" என்றார். "ஒவ்வொரு வசந்தத்துலயும் இது உருகும். ஒவ்வொரு அக்டோபர்லயும் நான் போடுவேன்" என்றேன். ஐஸ் போடுகிறபோது நீ சின்ன வயதில் பக்கத்தில் நின்று பார்ப்பாயே, ஒரேயடியாகத் தண்ணீரை ஊற்றச் சொல்லி அழுவாய். ஊற்றினால் வெடிக்கும். தூவித் தூவி, ஒவ்வொரு படலமும் இறுகும்வரை காத்திருந்து மேலே அடுத்ததைப் போட வேண்டும். உன் விஷயத்திலும் நான் அப்படித்தான் காத்திருக்கப் போகிறேன். நீ முடிந்துவிட்டாய் என்று எவனாவது எழுதினால் படிக்காதே. எனக்கு அனுப்பு, நான் பதில் எழுதுகிறேன்.

நீ கனடாக்காரன், உன்னை எல்லையில் தடுக்கமாட்டார்கள். பதினாலு நாள் தனியாக இருக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். அதற்கு வீட்டைத் தயார் செய்துவிட்டோம். முன்கூடம் உனக்கு, நானும் அப்பாவும் பின்பக்கம். பெரோகி உருட்டி உறையவைத்திருக்கிறேன், முட்டைக்கோஸ் சுருளும் இருக்கிறது. நாய் உன் மேல் பாயும், அதை மட்டும் பிடித்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. முன்கூடம் என்றதும் உன் மாடி அறைக்கு என்ன ஆயிற்று என்று கேட்பாய். போன ஞாயிற்றுக்கிழமை நான் அரங்கத்திலிருந்து வீட்டுக்கு வந்தபோது உன் கட்டில் கூடத்து ஜன்னலருகே கிடந்தது. அப்பா வியர்த்து வழிந்து, கடைசிப் படியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தனியாகக் கழற்றி, பலகை பலகையாக இறக்கி, மறுபடி பூட்டியிருக்கிறார். என்னைக் கூப்பிட்டிருக்கலாமே என்றேன். "நீ எதுக்கு? கட்டில்தானே" என்றார். சின்ன வயதில் நாம் ஐஸில் விழும்போதெல்லாம் வேலிக்கு அப்பாலிருந்து "எழுந்திருடா" என்று கத்தியவர் அவர்தான். இப்போது அவரே, "அவன் படி ஏற வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

மேலே உன் அறையில் கட்டில் கிடந்த இடத்தைப் பெருக்கித் துடைத்துக் காலியாக வைத்திருக்கிறேன். வேறு எந்தச் சாமானையும் அங்கே வைக்க விடமாட்டேன். ஒரு நாள் அந்தக் கட்டிலை நீயே தூக்கிக்கொண்டு மேலே ஏறுவாய், நடுப்படியில் நிற்காமல், வழி நெடுக நடுவரைத் திட்டிக்கொண்டே ஏறுவாய். நான் கீழே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

அதுவரைக்கும் கூடத்தில் படுத்துக்கொள், தம்பி. சீக்கிரம் கிளம்பி வா. வழியில் எங்கே தங்கினாலும் லிஃப்டில் ஏறு.

உன் அக்கா
ஒக்சானா